வெளியார் கட்டணம்

உலு யாம்
9 ஜனவரி 2023

அன்புள்ள மேகிக்கு, தனேஸ்வரி எழுதுவது.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் தோட்டத்துப் பெண்கள் சங்கத்துப் பண விஷயம் எதுவானாலும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வரவேண்டும், வாட்சப்பில் வந்தால் செல்லாது என்று நான் தலைவியாக இருந்தபோது சட்டம் போட்டேன். போட்டவளே மீறினால் நன்றாக இருக்காது.

தோட்டத்தை விட்டு மகள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. நித்தியா பத்தாங் காலியில் கையுறைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். விடியும் முன் போனால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவாள். மாடி வீடு. எதிர்க் கதவில் யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. பேச ஆளில்லாமல் தொலைக்காட்சியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

வயிற்றுவலி வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அது கட்டியாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் அறுப்பதற்கு ஆகஸ்டில்தான் தேதி கொடுத்திருக்கிறார்கள். தனியார் மருத்துவமனை டாக்டர் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆகஸ்டு வரைக்கும் தாங்காதும்மா, ஆறு மாசம்தான்" என்றார். அவர் மார்ச்சில் அறுக்கத் தயார், பணம்தான் தயாராக இல்லை. நித்தியா சேமநிதியில் எடுக்கிறாள், முதலாளியிடம் கடன் கேட்டிருக்கிறாள். இன்னும் ஐயாயிரம் வெள்ளி இடிக்கிறது.

உறுப்பினர் வீட்டில் யார் செத்தாலும் சங்கம் உதவி கொடுக்கிறது, உறுப்பினரே செத்தால் அவள் குடும்பத்துக்கு ஐயாயிரம். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து நான் சந்தா தவறியதில்லை. அந்தப் பணத்தை இப்போதே எனக்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன். செத்த பிறகு கொடுத்தால் அது நித்தியாவுக்கு. இப்போது கொடுத்தால் எனக்கு. எப்படியும் கொடுக்கப்போகிற காசுதானே.

கூட்டத்தில் வைத்துப் பேசு. தங்கமணி சிரிப்பாள், அவளை யாராலும் தடுக்க முடியாது. நீ சிரிக்காமல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
தனேஸ்வரி


புக்கிட் செராயா தோட்டம்
கோலசிலாங்கூர்
20 ஜனவரி 2023

மதிப்பிற்குரிய தனேசு அக்காவுக்கு,

ஆண்டவர் உங்களுக்குத் துணை இருப்பாராக. உங்கள் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை பாலாய் ராயா மண்டபத்தில் கூட்டம் போட்டுப் படித்தேன். யாரும் சிரிக்கவில்லை. தங்கமணி அழுதாள். அழுதுவிட்டு, "போறது எப்படியும் போறதுதான லா. சாவுற வரைக்கும் காத்திருந்து குடுக்கறத இப்பவே குடுத்துட்டா என்ன, நமக்கும் ஒரு வேல முடிஞ்சிரும்" என்றாள். அதன்பிறகு மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் என்று டாக்டர் சொன்னதால்தான் எல்லோரும் கை தூக்கினார்கள். உங்களை நம்பி, உங்கள் நிலைமைக்கு இரங்கிச் செய்கிறார்கள்.

இத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். 'மரண உதவி முழுவதையும் பெற்றுக்கொண்டேன், இனி சங்கத்திடம் எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பினால் காசோலை வரும். வழக்கமாக மரணச் சான்றிதழ் கேட்போம், அது நீங்கள் போட்ட சட்டம்தான். உங்களிடமே அதைக் கேட்பது முறையில்லை என்று விட்டுவிட்டோம்.

தைரியமாக இருங்கள்.

இப்படிக்கு,
மேகி பெர்னாட்
பொருளாளர்


உலு யாம்
6 மார்ச் 2023

அன்புள்ள மேகி,

காசோலை கைக்கு வந்து மாற்றியும் ஆகிவிட்டது. பதினைந்தாம் தேதி அறுக்கிறார்கள். நீ செய்த இந்த உதவியை எந்தப் பிறவியிலும் மறக்கமாட்டேன். தங்கமணியின் வாயில் சர்க்கரை போடச் சொன்னேன் என்று சொல்.

வாட்சப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. யாரோ கைதவறி அழுத்தியிருப்பார்கள். மறுபடியும் சேர்த்துவிடு. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு உங்கள் முறுக்குக் கணக்குச் சண்டையையாவது படித்துக்கொண்டிருப்பேன்.

பயமாக இருக்கிறது மேகி. நித்தியாவிடம் சொல்ல முடியவில்லை, உன்னிடம் சொல்கிறேன். திரும்பி வராவிட்டால் நீங்கள் எல்லோரும் சங்கத்து நீலப் புடவை கட்டிக்கொண்டு வருவீர்கள், என்னைக் குளிப்பாட்டி மஞ்சள் பூசுவீர்கள் என்ற நினைப்பில்தான் போகிறேன்.

இப்படிக்கு,
தனேஸ்வரி


புக்கிட் செராயா தோட்டம்
27 நவம்பர் 2023

மதிப்பிற்குரிய தனேசு அக்காவுக்கு,

தீபாவளிக்கு முந்தின வாரம் ஈஜோக் புடவைக் கடையில் உங்களைப் பார்த்ததாகத் தங்கமணி வந்து சொன்னாள். "ஆளு நல்லா தேறிருச்சு லா. கன்னமெல்லாம் பூரிச்சுப்போயி கடை வாசல்ல போண்டா தின்னுக்கிட்டு நிக்குது" என்றாள். நீங்கள் பிழைத்தது ஆண்டவர் செயல். என் வாழ்த்துகள்.

ஆனால் இங்கே சங்கத்தில் யாருக்கும் முகம் சரியில்லை. "ஆறு மாசம்னு சொல்லித்தான வாங்குச்சு? இப்ப எத்தன மாசமாச்சு?" என்று என்னைக் கேட்கிறார்கள். நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் சொன்னார், நீங்கள் எழுதினீர்கள், நாங்கள் கொடுத்தோம். சொன்னபடி நடக்கவில்லை. இந்த வருடம் சங்கத்துக்கு முறுக்கு ஆர்டர் பாதிதான், அண்டா வாடகைக்கும் ஆள் வருவது குறைந்துவிட்டது. கையில் காசில்லாதபோது போன காசுதான் கண்ணில் நிற்கும்.

நீங்கள் இன்னொரு விஷயத்தையும் வேறு யார் வாயிலாகவோ கேட்பதைவிட நானே எழுதுவது நல்லது. நம் கணக்கைச் சரிபார்க்கும் ரெங்கசாமி ஐயாவை உங்களுக்குத் தெரியும், தோட்ட ஆபீசில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி, ஒரு காசை விடமாட்டார். மரண உதவி என்று பணம் போயிருக்கிறதே, மரணம் எங்கே என்று கேட்டார். உங்கள் பெயரைக் காலமானோர் பகுதியில் எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார். எழுதினோம். மார்ச் இருபத்தாறாம் தேதி ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று உங்களுக்காக ஒரு நிமிடம் மௌனம் இருந்தோம்.

சாவுச் சாப்பாடும் அன்றைக்கே போட்டாயிற்று. ஒவ்வொரு உறுப்பினர் சாவுக்கும் சாப்பாட்டுக்கென்று தனித் தொகை உண்டு, மார்ச்சுக்குள் செலவழிக்காவிட்டால் கணக்கு இடிக்கும். சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, அப்பளம். மீந்ததைத் தங்கமணி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

ஆண்டறிக்கையின் பிரதி ஒன்று வைத்திருக்கிறேன். உங்கள் படம் நன்றாக வந்திருக்கிறது.

இப்படிக்கு,
மேகி பெர்னாட்
பொருளாளர்


உலு யாம்
4 டிசம்பர் 2023

பொருளாளர் அவர்களுக்கு,

நான் தையல் பிரிக்காமல், திரும்பிப் படுக்க முடியாமல் நித்தியாவின் கட்டிலில் கிடந்த நாளில் நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து என் சாவுச் சோற்றைத் தின்றிருக்கிறீர்கள். உப்பு போதுமாக இருந்ததா?

சாவதற்குக் கொடுத்த காசை வைத்துப் பிழைத்துக்கொண்டேன். அதுதானே குற்றம்? எனக்கு வெட்கமில்லை. அந்த ஐயாயிரம் இல்லையென்றால் இன்று உங்கள் கணக்கு அழகாகப் பொருந்தியிருக்கும், நான் இருந்திருக்கமாட்டேன். போண்டாவைக்கூட விட்டுவைக்காமல் பார்த்து வந்து சொன்னவளிடம் சொல்லுங்கள், அன்றைக்கு இரண்டு தின்றேன் என்று.

என்னைச் சொன்னால் போகட்டும். நித்தியாவுக்குக் கலும்பாங்கிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனின் பெரியம்மா இந்த வாரம் யார் வீட்டிலோ நம் சங்கத்து ஆண்டறிக்கையைப் பார்த்திருக்கிறாள். "பொண்ணோட அம்மா செத்துட்டதா புஸ்தகத்துல போட்ருக்கு. அப்ப நம்மகிட்ட பேசுனது யாரு, சித்தியா?" என்று கேட்டிருக்கிறாள். நித்தியா எவ்வளவோ விளக்கிச் சொன்னாள். உயிரோடு இருந்துகொண்டே சாவுப் பணம் வாங்கிய குடும்பம் என்று தெரிந்தபிறகு அவர்கள் போனை எடுப்பதில்லை. என் மகள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்குக் கஞ்சி காய்ச்சி மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறாள்.

பணத்தைத் திருப்பித் தருகிறேன். இத்தோடு இருநூறு வெள்ளி வைத்திருக்கிறேன், மாதாமாதம் அனுப்புவேன். என் பெயரை அந்தப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டு உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் நானும் நித்தியாவும்தான். நாளைக்கு எனக்கு ஒன்று ஆனால் வந்து நிற்க நான்கு பெண்கள் வேண்டும். வேறு எந்த ஆசையும் எனக்கு இல்லை.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும்
தனேஸ்வரி


புக்கிட் செராயா தோட்டம்
15 டிசம்பர் 2023

மதிப்பிற்குரிய தனேசு அக்காவுக்கு,

இருநூறு வெள்ளியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். காலமானவரிடமிருந்து பணம் வந்தால் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ரெங்கசாமி ஐயாவுக்கே தெரியவில்லை. புதிய உறுப்பினராகச் சேர்க்கலாம் என்றால் ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் யாரையும் சேர்ப்பதில்லை. வயதானவர்கள் சாவுப் பணத்துக்காகவே சேருவார்கள் என்று சொல்லி அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நித்தியா விஷயம் கேட்டு வருத்தமாக இருந்தது. நல்ல பிள்ளை. நான் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டாயில் என் கையில் வளர்ந்தவள்.

அக்கா, நீங்கள் என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைப்பீர்கள். என் பெர்னாட் ஒரு வெள்ளிக்கிழமை இரவு செத்தார். சனி, ஞாயிறு பதிவிலாகா மூடியிருந்தது. அடக்கம் பண்ணப் போலீஸ் தாளே போதும் என்றார்கள். உங்களுக்குப் போதவில்லை. "சான்றிதழ் வரட்டும் மேகி, அப்புறம் செக்குல கையெழுத்து போடறேன். உனக்கு ஒரு சட்டம் ஊருக்கு ஒரு சட்டமா?" என்றீர்கள். நான் சனிக்கிழமை காலையில் என் இரண்டு வளையல்களை அடகு வைத்துப் பெட்டி வாங்கினேன். அடகுக்கடைச் சீனன்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டு வட்டியைக் குறைத்தான். வளையல்களை இன்றுவரை மீட்கவில்லை.

அன்றைக்குத்தான் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர் நீங்கள். இப்போது அதைச் சொன்னால் உங்களுக்கே கசக்கிறது.

கிறிஸ்துமஸ் வருகிறது. உங்களுக்கும் நித்தியாவுக்கும் என் ஜெபம் உண்டு.

இப்படிக்கு,
மேகி பெர்னாட்
பொருளாளர்


உலு யாம்
3 ஜூன் 2024

மேகி,

கட்டி திரும்பி வந்துவிட்டது. இந்த முறை ஈரல்வரை போயிருக்கிறதாம். அறுப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எத்தனை மாதம் என்று நான் கேட்கவில்லை. கேட்டு எழுதினால் அதற்கும் நீங்கள் கணக்குப் பார்ப்பீர்கள்.

உன் கடிதத்துக்கு ஆறு மாதமாகப் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்திருப்பாய். பெர்னாட் விஷயத்தில் நான் செய்தது சரி. அதற்கு முந்தின வருடம்தான் ஒருத்தி மாமியார் செத்துவிட்டாள் என்று பணம் வாங்கிப்போனாள், அந்தக் கிழவி சுங்கை பஞ்சாங்கில் மகன் வீட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். நம் ஆட்கள் அவளைப் பார்த்துவிட்டு வந்து என்னைத்தான் திட்டினார்கள். அதனால் கேட்டேன். இன்றைக்கும் கேட்பேன்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை இரவு உன் வீட்டுக்கு முதலில் வந்தது யார்? உன் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சியது யார்? மூன்று நாளும் உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் தலையை மடியில் வைத்திருந்தேன். காசுக்குத்தான் சான்றிதழ் கேட்டேன் மேகி. என் கைக்கும் காலுக்கும் கேட்கவில்லை.

அதைத்தான் இப்போது நானும் கேட்கிறேன். காசு வேண்டாம், சாப்பாடு வேண்டாம், புத்தகத்தில் பெயரும் வேண்டாம். என்னைக் குளிப்பாட்டி ஒரு புடவை கட்டிவிட நான்கு பெண்கள் வந்தால் போதும். நித்தியாவுக்கு ஒன்றும் தெரியாது. அவளைத் தனியாக என் உடம்போடு ஒரு அறையில் விட்டுவிட்டு வேன்காரனும் ஆஸ்பத்திரி ஆண்களும் வெளியே நிற்கிற காட்சி என்னைத் தூங்க விடுவதில்லை. முன்பின் தெரியாத ஆண்கள் என்னைத் தொட்டுத் தூக்கக் கூடாது. எனக்கு அதுதான் பயம், சாவு இல்லை.

வருவீர்களா என்று மட்டும் எழுது.

தனேஸ்வரி


புக்கிட் செராயா தோட்டம்
17 ஜூன் 2024

மதிப்பிற்குரிய தனேசு அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் கோயிலுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு கூட்டத்தில் வைத்தேன். முழுவதும் படிக்கவில்லை, உங்கள் வேண்டுகோளை மட்டும் படித்தேன்.

நீண்ட நேரம் பேசினோம். வர விருப்பமுள்ளவர்கள் இருக்கிறார்கள். ஆனால், "செத்துட்டதா சோறு தின்னாச்சு. மறுபடியும் எந்தக் கணக்குல போறது? நாளைக்கு வெளியாளுங்க எல்லாரும் சும்மா வந்து கூப்புடுவாங்க லா" என்று தங்கமணி சொன்னதும் பேச்சு கட்டணத்துக்குத் திரும்பியது. உறுப்பினர் இல்லாத வீட்டுச் சாவுக்கு நாம் போவது உண்டு, அதற்குக் கட்டணமும் உண்டு. அந்த வழியில் போனால் யாரும் குறை சொல்ல முடியாது என்று முடிவானது. ஓட்டெடுப்பில் நான் எந்தப் பக்கம் கை தூக்கினேன் என்று கேட்காதீர்கள்.

வெளியார் கட்டணம் இப்போது இப்படி இருக்கிறது. குளிப்பாட்டிப் புடவை கட்ட நான்கு பேருக்கு இருநூறு வெள்ளி. உலு யாம் தூரம் என்பதால் வேன் செலவு நூற்றிருபது. ஒப்பாரி வைக்க மூன்று பேருக்கு நூற்றைம்பது, அது தனி. தங்கமணி குரலுக்கு இப்போது நல்ல கிராக்கி, முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பாதிப் பணம் முன்பணமாக வங்கிக் கணக்கில் போட வேண்டும். முன்பணம் திரும்பக் கிடைக்காது. போன முறை போல ஆகிவிட்டால் சங்கம் இன்னொரு தடவை நஷ்டப்பட முடியாது என்று இதைச் சேர்க்கச் சொன்னார்கள். எழுதவே எனக்குக் கை கூசியது, ஆனால் எழுதாமல் விட்டால் பிறகு என்னைக் கேட்பார்கள்.

வலி அதிகமாக இருக்கிறதா? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள்.

இப்படிக்கு,
மேகி பெர்னாட்
பொருளாளர்


உலு யாம்
22 ஜூன் 2024

பொருளாளர் மேகிக்கு,

முன்பணம் பாதி வேண்டாம், முழுவதும் கட்டிவிட்டேன். குளிப்பாட்ட இருநூறு, வேனுக்கு நூற்றிருபது. நித்தியா வேலை முடிந்து வரும் வழியில் போட்டாள், ரசீது இத்தோடு இருக்கிறது. இந்த முறை உங்களை ஏமாற்றமாட்டேன். டாக்டர் சொன்னதை விடு, கண்ணாடியில் நானே பார்க்கிறேன்.

இப்போது நான் காசு கொடுத்துக் கூப்பிடுகிற வெளியாள். கல்யாண வீட்டுக்காரர்கள் இன்னார்தான் சமைக்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்பார்கள், நாமும் அனுப்புவோம். அதேபோல நானும் பெயர் சொல்கிறேன். மூன்று பேர் யாராக இருந்தாலும் சரி, நான்காவது ஆள் நீ. காய்ச்சல், கோயில், பேரப்பிள்ளை என்று சாக்குச் சொல்லி வேறு ஆளை அனுப்பினால் நித்தியா கதவைத் திறக்கமாட்டாள், சொல்லி வைத்திருக்கிறேன்.

தண்ணீரை வெதுவெதுப்பாக வை. தலைக்கு நீதான் ஊற்ற வேண்டும். வயிற்றில் தையல் தழும்பு குறுக்கே நீளமாக இருக்கிறது. சங்கத்துக் காசில் போட்டது, நன்றாகப் பார்த்துக்கொள். அப்புறம் என் கால். பெரிய வியாழனுக்கு உங்கள் கோயிலில் சாமியார் ஏழைகளின் காலைக் கழுவுகிறார் என்று வருடாவருடம் பெருமையாகச் சொல்வாயே. நீ என் காலை விரல் விரலாகக் கழுவ வேண்டும், நித்தியா பார்த்துக்கொண்டு நிற்பாள்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போடுகிறேன். சாப்பாடுதான் இறங்குவதில்லை.

ஒப்பாரிக்கு நான் பணம் கட்டவில்லை. அதனால் யாரும் அழ வேண்டாம் என்று மற்றவர்களிடம் சொல்லிவிடு. முக்கியமாக நீ அழக் கூடாது, மேகி. அழுதால் அது இலவசமாகிவிடும், சங்கத்துக்கு நஷ்டம்.

இப்படிக்கு,
தனேஸ்வரி